இரண்டாவது ஊசி

மேற்கு மாம்பலத்தில் பொதுமக்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அலுவலகம் முடிந்து நேராக வந்திருப்பவர்கள், காய்கறிப் பையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்கள், பயோடெக் படிக்கும் பிள்ளைகள், எல்லாருக்கும் என் நன்றி. மரபணுக் கோப்புகளை ஆய்வுத்தளத்தில் ஏற்றுவது பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அதனால் ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மஞ்சள் துணிப்பையில், பழைய கைத்தறித் துண்டில் சுற்றி, ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டு வந்திருந்தார். அவருடைய குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு. நான்கு வயதில் ரத்தம் எடுத்து எக்சோம் பரிசோதனை செய்திருந்தார்கள். நம் மரபணுத் தொகுதியில் புரதங்களுக்கான குறிப்பு இருக்கும் பகுதியைத்தான் எக்சோம் என்கிறோம். மொத்தத்தில் அது 1 முதல் 2 சதவீதம்தான். காரணமான மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று அப்போது ரிப்போர்ட் வந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து மருத்துவர், "புதிதாக எத்தனையோ மரபணுக்களைப் பற்றித் தெரியவந்திருக்கிறது, பழைய தகவலையே மறுபடி அலசிப் பார்க்கலாம், மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையோடுதான் அவர் வந்தார்.

டிஸ்கைச் செருகிப் பார்த்தேன். இரண்டு கோப்புகள். ஒன்று 3.9 ஜிபி, மற்றது 2.1 ஜிபி. திறந்து பார்க்கும் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அவை ஜோடிக் கோப்புகள். டி.என்.ஏ.யின் ஒவ்வொரு துண்டையும் கருவி இரண்டு முனைகளிலிருந்தும் படிக்கிறது. ஒரு முனையில் படித்தது முதல் கோப்பு, மறுமுனையில் படித்தது இரண்டாவது கோப்பு. இரண்டிலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், அளவும் ஏறக்குறைய ஒத்திருக்கும். இங்கே இரண்டாவது கோப்பு பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. யாரோ நகலெடுத்துக்கொண்டிருந்தபோது கணினி தூங்கிப்போயிருக்கலாம், கேபிள் அசைந்திருக்கலாம். பெயர் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது, ஐகானும் சரியாக இருந்தது. உள்ளே பாதி இல்லை. பரிசோதனை செய்த இடத்தில் கேட்டபோது, ஓராண்டுக்கு மேல் மூலக் கோப்புகளை வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது.

குழந்தைக்கு இரண்டாவது முறை ஊசி போட வேண்டியதாயிற்று. அன்று அந்தக் குழந்தை அழுத அழுகையைத் தகப்பனார் என்னிடம் சொன்னார். பிறகு என்ன ரிப்போர்ட் வந்தது என்பது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஊசி தேவைப்பட்டிருக்கவே கூடாது. ஒரே ஒரு நிமிட வேலையை ஒருவர் செய்யாமல் விட்டதால் வந்தது அது. இன்று முழுக்க அந்த ஒரு நிமிட வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.வைக் கருவி சிறுசிறு துண்டுகளாகப் படிக்கிறது. ஒரு துண்டுக்குப் பொதுவாக 150 எழுத்து. எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, சி, ஜி, டி. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள் எழுதப்படுகின்றன. முதல் வரி துண்டின் பெயர். எந்தக் கருவி, கண்ணாடித் தகட்டில் எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது வரி அந்த 150 எழுத்துகள். மூன்றாவது வரியில் ஒரு கூட்டல் குறி. நான்காவது வரியில் மறுபடி 150 குறிகள். இந்த நான்காவது வரியை நான் மிகவும் மதிக்கிறேன். மேலே உள்ள ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு உறுதியோடு படித்தேன் என்று கருவி அதில் ஒப்புக்கொள்கிறது. அங்கே ஆங்கில 'எஃப்' இருந்தால், ஏறக்குறைய 5,000 தடவைக்கு ஒரு தடவைதான் தவறியிருப்பேன் என்று பொருள். அங்கே வீட்டு எண்ணுக்கு முன்னால் போடும் '#' குறி இருந்தால், இந்த எழுத்தை நம்பாதே என்று பொருள். இந்த வடிவத்துக்கு ஃபாஸ்ட்கியூ என்று பெயர்.

மனித மரபணுத் தொகுதி சுமார் 310 கோடி எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து, புத்தகத்துக்கு 500 பக்கம் என்று அச்சடித்தால் 3,100 புத்தகங்கள் ஆகும். தவறைத் தவிர்க்க ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை படிக்கிறார்கள். ஆகவே ஒரே ஒருவருக்கு 60 கோடித் துண்டுகளுக்கு மேல், அதைப் போல நான்கு மடங்கு வரிகள். சுருக்கிக் கட்டிய பிறகும் ஒருவருடைய முழுத் தொகுதி 80 ஜிபி அளவுக்கு வரும்.

இதை எப்படிக் கொண்டுபோவது? நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரயில் லைனுக்கு இந்தப் பக்கமிருந்து தி.நகருக்கு வண்டியில் போக நம்மில் பலர் துரைசாமி சப்வேயில்தான் நுழைகிறோம். உங்களிடம் எவ்வளவு பெரிய வண்டி இருந்தாலும் சப்வேயின் அகலம்தான் கணக்கு. வீட்டு இணைய இணைப்பும் அப்படியே. அதிலும் பல திட்டங்களில் படம் பார்க்க வரும் வழி அகலம், நாம் அனுப்பும் வழி குறுகல். அனுப்பும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 80 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய 9 மணி நேரம். 100 மெகாபிட் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இடையில் ஒரு முறை கரண்ட் போனால், பிரவுசரை யாராவது மூடிவிட்டால், பழைய முறையில் எல்லாம் முதலிலிருந்து.

ஆகவே இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, முடிந்தால் பெரிய கோப்பை வீட்டு வழியாக எடுத்து வராதே என்பதைத்தான். கேலக்ஸி என்று ஒரு ஆய்வுத்தளம் இருக்கிறது. 2005 முதல் நடக்கிறது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஐரோப்பாவுக்கான அதன் சர்வரை ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் நடத்துகிறார்கள். கட்டணமில்லை. புரோகிராம் எழுதத் தெரியாத ஒரு முதலாண்டு மாணவிகூட அதில் கணக்குத் திறந்து மரபணு அலசலைப் படித்துப் பழகலாம். பொதுத் தரவுகளை அதில் ஏற்றும்போது, கோப்பைத் தன் கணினிக்கு இறக்கி மறுபடி மேலே ஏற்றும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் வீணாகும். கோப்பு இருக்கும் முகவரியை மட்டும் ஒட்டினால் போதும். இங்கிலாந்தில் ஹின்க்ஸ்டனில் இருக்கும் ஐரோப்பிய மரபணுத் தரவுக் காப்பகத்திலிருந்து அந்த சர்வர் தானே இழுத்துக்கொள்ளும். சர்வரும் சர்வரும் அகலமான சாலையில் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் போய்த் தூங்குங்கள். சொந்தக் கோப்பைத்தான் ஏற்றியாக வேண்டும் என்றால், துண்டு துண்டாக அனுப்பி, அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி இப்போது வந்துவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

அதே போன்ற அமெரிக்கக் காப்பகத்திலிருந்து இறக்கும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. அதற்கான நிரல், நாம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், 20 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். நூறு மாதிரிகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன மாணவர், காலையில் வந்து தொண்ணூற்றாறுதான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார். எண்ணவேண்டும். எண்ணிப் பார்ப்பது நம் மரபில் உள்ள பழக்கம்தான்.

உ.வே.சாமிநாதையர் 1903இல் ஐங்குறுநூறும் 1904இல் பதிற்றுப்பத்தும் பதிப்பித்தார். ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? ஐந்நூறு என்று நூலின் பெயரிலேயே எண் இருக்கிறது, பத்துப் பத்து என்று பெயரே கணக்குச் சொல்கிறது. எண் இல்லாமல் இருந்திருந்தால், இருப்பதே முழு நூல் என்று படித்துக்கொண்டிருப்போம். அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல். நடுவில் ஒரு ஏடு போனால் சங்கிலி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். பாடுகிறவருக்கு மனப்பாடம் செய்ய உதவுவது மட்டுமல்ல, குறை நேர்ந்தால் குறை என்று நூலே சொல்லும்.

மரபணுக் கோப்புகளிலும் இதே ஏற்பாடு உண்டு. துண்டுகளை ஒழுங்குபடுத்தி அடுக்கிய பிறகு வரும் பாம் என்ற வகைக் கோப்பின் கடைசியில் 28 பைட் கொண்ட ஒரு முடிவுக் குறி இருக்கும். பழைய ஏட்டின் கடைசியில் 'முற்றும்' என்று எழுதுவது போல. அது இல்லை என்றால் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம் என்று எச்சரிக்கை வரும். சுருக்கிக் கட்டிய ஃபாஸ்ட்கியூ கோப்பின் கடைசி 8 பைட்டிலும் உள்ளே எவ்வளவு இருந்தது என்ற கணக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக எம்.டி.5 என்ற கைரேகை. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதிலிருந்து 32 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அனுப்புகிறவர் அந்த வரியைச் சேர்த்து அனுப்பவேண்டும். வாங்குகிறவர் தன் பக்கம் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடவேண்டும். அந்தத் தகப்பனாரின் டிஸ்கில் இருந்த அளவுள்ள கோப்புக்கு இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஐரோப்பியக் காப்பகம் எம்.டி.5 இல்லாமல் கோப்பை வாங்கிக்கொள்வதே இல்லை.

அந்த டிஸ்கில் எம்.டி.5 பட்டியலும் இருந்தது. சின்ன எழுத்துக் கோப்பு, ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். டிஸ்கைக் கையில் கொடுத்த அன்று அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கோப்பு முழுமையாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. துண்டுகளை அடுக்க ஓர் அச்சுப் பிரதி வேண்டும், மேற்கோள் தொகுதி என்கிறோம். 2009இல் வந்த 37ஆம் பதிப்பு ஒன்று, 2013 டிசம்பரில் வந்த 38ஆம் பதிப்பு ஒன்று, இரண்டுமே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே மரபணு இரண்டிலும் வெவ்வேறு எண்ணில் இருக்கும். 37இல் எழுதிய முகவரியை 38இல் தேடினால், வீடு இருக்கும், ஆனால் வேறு யாருடைய வீடாகவோ இருக்கும். லேக் வியூ ரோடு என்று நம் ஊரில் ஒரு தெரு இருக்கிறது. ஏரி எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்பார். 1920களில் ஏரியைத் தூர்த்து தி.நகரை எழுப்பிவிட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வந்தவர் தண்ணீரைத் தேடிக்கொண்டிருப்பார். எந்த வரைபடம் என்பதைக் கோப்போடு எழுதி வைக்காதவர், அடுத்தவரை அப்படி அலையவிடுகிறார்.

எக்செல் விஷயத்தையும் சொல்லவேண்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். செப்டின் குடும்பத்து மரபணு ஒன்றுக்கு செப்ட்2 என்று பெயர் இருந்தது. மார்ச்1 என்று இன்னொன்று. பட்டியலை எக்செலில் திறந்தால் அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாற்றிவிடும், கேட்காமலே. 2016இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்தக் காத்திருக்க முடியவில்லை.

இவ்வளவு கவனம் எதற்கு? ஓர் உதாரணம் போதும். எம்.ஒய்.பி.பி.சி.3 என்று இதயத் தசைக்கான ஒரு மரபணு. அதில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வகை, தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது, இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்டார்கள். 310 கோடியில் 25 எழுத்து. ஐரோப்பியர்களின் தரவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நம்மைப் பற்றி அறிய நம்முடைய தரவு வேண்டும்.

அந்தத் தரவு இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் 2015ஆம் ஆண்டு வெளியீட்டில் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர். அதில் தமிழர் 102 பேர். ஆனால் அவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். தமிழ்நாட்டின் மண்ணில் எடுத்த ரத்தம் அதில் இல்லை. அந்தக் குறையை ஜீனோம் இந்தியா திட்டம் போக்கத் தொடங்கியது. 2020இல் அனுமதி கிடைத்தது. நாடு முழுவதும் 20 நிறுவனங்கள் சேர்ந்து, 83 மக்கள்குழுக்களிலிருந்து 10,000 பேருடைய தொகுதியைப் படித்தார்கள். தர ஆய்வில் தேறியவை 9,772. 2025 ஜனவரி 9 அன்று ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். எல்லாம் ஃபரிதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது, மொத்தம் 8 பெட்டாபைட். நொடிக்கு 1 கிகாபிட் போகும் இணைப்பில் இடைவிடாமல் அனுப்பினாலும் அது நகர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் அந்த அளவுத் தரவை நம்மிடம் வரவழைப்பதைவிட, அலசும் நிரலை அது இருக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் வழி. இனி வரும் பிள்ளைகள் இதைத்தான் கற்கவேண்டும்.

நம் பக்கத்திலேயே, அடையாறுக்கு அந்தப்புறம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025 பிப்ரவரி 3 அன்று பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ் என்ற தொகுப்பை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் வந்த 480 பேரிடமிருந்து 960 எக்சோம்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 2021 செப்டம்பரில் தமிழக அரசு தனக்கென மரபணு வரிசைப்படுத்தும் கூடம் திறந்தது. அதற்கு முன் கொரோனா மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருந்தோம். அந்த வைரஸின் தொகுதி சுமார் 30,000 எழுத்துகள்தான். இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பழகத் தொடங்க அதைவிட நல்ல தரவு வேறில்லை.

480 பேர் என்றேன். ஒவ்வொருவரும் கட்டி வந்து, பயந்து, அறுவை அரங்குக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். தங்களுக்கு இனி பயன்படாமல் போனாலும் வேறொரு பெண்ணுக்குப் பயன்படட்டும் என்று கொடுத்தது. திரையில் அது ஒரு நீளமான கோப்புப் பெயராகத்தான் தெரியும். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரவேண்டும் என்று என் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

அதனால்தான் ஓர் எச்சரிக்கை. கேலக்ஸி போன்ற பொதுத்தளங்கள் பொதுத் தரவுக்கானவை. நோயாளியின் கோப்பை அங்கே ஏற்றக்கூடாது. இலவசமாகக் கிடைக்கும் பகிர்வு இணைப்பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுத் தொகுதியை யாரும் மாற்ற முடியாது, அதில் அண்ணன் தம்பி, பெற்றோர், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகள் எல்லாரும் பாதி கால்வாசி இருக்கிறார்கள். ஃபரிதாபாத் மையத்திலும் மனிதத் தரவுக்கு அனுமதி கேட்டு, காரணம் சொல்லி, ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே போகமுடியும். தாமதமாகிறது என்று சில ஆய்வாளர்கள் குறைப்படுகிறார்கள். அந்தத் தாமதம் சரியானது என்பதே என் கருத்து.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் யாருக்காவது மரபணுப் பரிசோதனை செய்தால், காகித ரிப்போர்ட்டோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மூலக் கோப்புகள் வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பதிப்பு, 37ஆ 38ஆ என்று ரிப்போர்ட்டின் மேலே பேனாவால் எழுதி வாங்குங்கள். டிஸ்கை வாங்கும்போது, எங்கள் கண் முன்னால் எம்.டி.5 ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, பணம் கொடுத்தது நீங்கள், ரத்தம் கொடுத்தது உங்கள் குழந்தை. பயோடெக் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் கூடப் போங்கள், ஒரு மணி நேரம்தான் ஆகும். ஏற்கெனவே அலமாரியில் டிஸ்க் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதைத் திறந்து, இரண்டு கோப்பின் அளவும் ஏறக்குறைய ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். ஒத்திருக்காவிட்டால், பரிசோதனை செய்த இடத்துக்கு நாளைக் காலையிலேயே போன் செய்யுங்கள். அவர்களிடம் மூலம் இன்னும் இருக்கலாம்.